பூல் க்யூவுக்குக் கிளியர் அடிக்கையில் சுழற்ற எந்த மோட்டார்? புதியவர்களுக்கான வழிகாட்டி

பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோல்தான் பூல் க்யூ. அதன் அடிப்பாகத்துக்கு ஸ்ப்ரே கன்னால் கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) அடிப்பவர்களில் சிலர் அதைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அடிக்கிறார்கள். பலர் கிடையாகப் பிடித்துச் சுழலவிட்டு அடிக்கிறார்கள். தொங்கவிட்டால் ஈரமான கிளியர் மெல்லக் கீழிறங்கி அடிமுனையில் திரண்டு நிற்கும். கனமாக அடிக்கும் கை என்றால் பாதி வழியிலேயே வழிந்த தடம் விழுந்துவிடும். சுழலவிட்டால் கீழ்ப்பக்கம் என்று ஒரு பக்கம் நிலையாக இருக்காது. ஆகவே படலம் விழுந்த இடத்திலேயே சமன்பட்டு இறுகும். மோட்டாரின் வேலை இவ்வளவுதான்.

ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எத்தனை வாட் மோட்டார் வாங்க வேண்டும் என்ற கேள்வியோடு வருகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. முதலில் முடிவு செய்ய வேண்டியது வேகம். அதிலும் அடிக்கும்போது ஒரு வேகம், உலரும்போது வேறொரு வேகம் என இரண்டு வேகங்கள் உண்டு. இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு வருவது சாதாரணம். ஒரே மலிவான மோட்டாரை வைத்து இரண்டையும் செய்ய முயல்வதில்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன.

சுழலப்போகும் பொருளை அளந்துகொள்ளுங்கள்

வழக்கமான பூல் க்யூ ஏறத்தாழ 147 செ.மீ. நீளமும் 510 முதல் 600 கிராம் எடையும் கொண்டது. நடுவில் கழற்றக்கூடிய இரண்டு பாகங்களாக இருக்கும். முன்பாகமான ஷாஃப்ட்டுக்குக் கனமான பூச்சு தேவையில்லை, ஏனென்றால் கைவிரல்களின் நடுவே வழுக்கிச் செல்ல வேண்டிய பகுதி அது. கிளியர் அடிப்பது பெரும்பாலும் அடிப்பாகத்துக்கு மட்டுமே. அதன் நீளம் சுமார் 74 செ.மீ., எடை அரைக் கிலோவுக்குள். விட்டம், இரண்டு பாகங்களும் இணையும் ஜாயிண்ட் பக்கம் 21 மி.மீ. அளவிலும் அடிமுனையில் 32 மி.மீ. அளவிலும் இருக்கும். நூல் அல்லது தோல் சுற்றும் பள்ளம் இருந்தால், அதை மாஸ்கிங் டேப்பால் மூடிய பிறகே அடிக்க வேண்டும்.

உங்களிடம் உள்ள கோலின் அளவுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜாயிண்ட் திருகின் விட்டத்தையும் புரியின் அளவையும் சேர்த்துக் குறியுங்கள். ஒரே விட்டத்தில் வெவ்வேறு புரிகள் உண்டு என்பதால், கண்ணளவை நம்பி, கோலை மோட்டாரோடு இணைக்கும் பிடிமானத்தைச் செய்யக் கொடுத்தால் அது பொருந்தாமல் போகும்.

அடிக்கும்போது எவ்வளவு வேகம்

இந்த இடத்தில் சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். ஸ்ப்ரே கன்னிலிருந்து விசிறி வடிவில் விரிந்து வரும் தெளிப்பு (இனி விசிறி), கோலின் மீது ஒரு குறிப்பிட்ட நீளத்தை மட்டுமே ஒரு நேரத்தில் நனைக்கிறது. அந்த விசிறி ஓரிடத்தைக் கடந்து செல்லும் நேரத்துக்குள் கோல் ஒரு முழுச் சுற்றாவது சுற்றிவிட வேண்டும். சுற்றவில்லை என்றால் ஒரு பக்கம் நனைந்தும் மறுபக்கம் வறண்டும் இருக்கும். கன் நகர நகர அந்த ஈரப் பட்டை கோலைச் சுற்றிச் சுருள் கோடாக ஏறும். முதல் பூச்சில் அது கண்ணுக்குத் தெரியாது. நான்காவது பூச்சுக்குப் பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது, பளபளப்பான பள்ளமும் மங்கலான மேடும் மாறி மாறிச் சுருளாகத் தெரியும்போதுதான் புரியும்.

விசிறி கோலின் நீளவாக்கில் 10 செ.மீ. விழுகிறது என்றும், கை வினாடிக்கு 20 செ.மீ. வேகத்தில் நகர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இடமும் அரை வினாடி நேரம் விசிறிக்குள் இருக்கும். அரை வினாடிக்கு ஒரு சுற்று என்றால் நிமிடத்துக்கு 120 சுற்று. கையை வினாடிக்கு 10 செ.மீ. என்று மெதுவாக நகர்த்தினால் 60 சுற்றே போதும். ஆனால் அவ்வளவு மெதுவாக அடித்தால் படலம் கனமாகிவிடும், ஆகவே கன்னின் திரவ அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இப்போது அதே விசிறியைத் தொண்ணூறு பாகை திருப்பி, கோலுக்குக் குறுக்காக விழும்படி வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் நனையும் அகலம் 3 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். அதே கை வேகத்துக்கு ஒவ்வோர் இடமும் 0.15 வினாடிதான் விசிறிக்குள் இருக்கும். முழுச் சுற்று வேண்டுமானால் நிமிடத்துக்கு 400 சுற்று தேவைப்படும். போதாக்குறைக்கு, 32 மி.மீ. கோலுக்கு மேலும் கீழும் கிளியரின் பெரும்பகுதி காற்றில் வீணாகப் போகும். சுவருக்கும் பலகைக்கும் அடித்துப் பழகியவர்கள் விசிறியைக் கை நகரும் திசைக்குக் குறுக்காகவே வைத்திருப்பார்கள். சுழலும் கோலுக்கு அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மோட்டாரை மாற்றுவதற்கு முன் கன்னின் காற்று மூடியைத் திருப்பிப் பார்ப்பது செலவில்லாத வழி.

சரி, 400 சுற்றே வைத்துவிட்டால் என்ன? அங்கேதான் மேல் எல்லை குறுக்கிடுகிறது. சுழலும் பரப்பின் மீதுள்ள திரவத்தை மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது. அடிமுனையில் ஆரம் 16 மி.மீ. என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 235 சுற்றில் அந்த விசை புவியீர்ப்புக்குச் சமமாகிவிடும். 120 சுற்றில் அது புவியீர்ப்பில் கால் பங்கு. 150 சுற்றில் ஐந்தில் இரண்டு பங்கு. 400 சுற்றில் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த நிலையில் ஈரப் படலம் சமன்படுவதற்குப் பதிலாக விளிம்புகளில் திரளும். கனமாக அடித்திருந்தால் துளிகளாகத் தெறிக்கவும் செய்யும். ஆகவே அடிப்பதற்கு 80 முதல் 150 சுற்று வரையிலான எல்லைக்குள் நிற்பதே என் பரிந்துரை. புதியவர்கள் 120-இல் தொடங்கலாம்.

கோல் ஒரு முனையில் மெலிந்து இருப்பதால் அங்கே படலம் தடித்துவிடுமோ என்ற ஐயம் பலருக்கு உண்டு. தடிக்காது. மெலிந்த பகுதி குறைவான கிளியரை வாங்கிக்கொள்கிறது, ஆனால் அதைப் பூசிக்கொள்ள வேண்டிய சுற்றளவும் அதே விகிதத்தில் குறைகிறது. கை வேகம் சீராக இருந்தால் படலமும் சீராகவே இருக்கும். விட்டத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் அமைப்புகள் எதுவும் இதற்குத் தேவையில்லை.

உலரும்போது எவ்வளவு வேகம்

அடித்து முடித்ததும் கிளியர் சமன்படவும் உள்ளிருக்கும் தின்னர் வெளியேறவும் வேண்டும். அந்த நேரத்தில் வேகமான சுழற்சி கெடுதலையே செய்யும். காற்றைக் கிளறித் தூசியையும் கூட்டும். கிளியர் ஒரு பக்கமாக இறங்கத் தொடங்குவதற்கு முன் அந்தப் பக்கம் மேலே வந்துவிட வேண்டும், அவ்வளவே. நிமிடத்துக்கு 5 முதல் 20 சுற்று அதற்குத் தாராளம். தூண்டில் கழிகளுக்கு எபாக்ஸி பூசுபவர்கள் பயன்படுத்தும் உலர்த்து மோட்டார்களும் இந்த எல்லைக்குள்தான் ஓடுகின்றன. அவை ஆயத்தப் பொருளாகவே விற்கப்படுவதால், தாமாகச் செய்துகொள்ளத் தயங்குபவர்கள் அவற்றை நேரடியாக வாங்கி உலர்த்துவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் சுழல வேண்டும் என்பது கிளியரைப் பொறுத்தது. லாக்கர் சில நிமிடங்களில் நகர முடியாத நிலைக்கு வந்துவிடும். ஹார்டனர் (இறுகச் செய்யும் திரவம்) கலந்த இரு பகுதி பியூ (பாலியூரிதேன்) கிளியருக்கு, தயாரிப்பாளர் தாளில் தூசி ஒட்டாத நேரம் என்று குறிப்பிட்டிருப்பதைக் கடக்கும் வரை சுழலவிட வேண்டும். எபாக்ஸிக்குப் பல மணி நேரம் ஆகும். புற ஊதா விளக்கில் இறுகும் கிளியர் தனி வகை. விளக்கு ஒரு பக்கமிருந்து மட்டுமே படுவதால், எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஒளி வாங்கும்படி விளக்கு எரியும் நேரம் முழுவதும் கோல் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். ஒரு நிமிடமே விளக்கு எரியும் என்றால், 3 சுற்று மோட்டார் போதாது. 20 சுற்று மோட்டார் வைத்தால் மேடுபள்ளம் இல்லாமல் இறுகும்.

விசையைப் பற்றிக் கவலை வேண்டாம்

மோட்டாரின் முறுக்கு விசையைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. உண்மையில் இந்த வேலைக்கு அது மிகச் சிறிய கணக்கு. அரைக் கிலோக் கோலின் எடை மையம் சுழல் அச்சிலிருந்து 1 மி.மீ. விலகியிருந்தாலும், அதைத் தூக்கிச் சுற்ற 0.005 நியூட்டன்-மீட்டர்தான் வேண்டும். நிற்கும் கோலை ஒரு வினாடியில் 120 சுற்றுக்குக் கொண்டுவர அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தேவைப்படும். மிஞ்சுவது பேரிங்கின் உராய்வு மட்டுமே. கியர் மோட்டார்களின் விவரத் தாளில் கிலோகிராம்-சென்டிமீட்டர் என்ற அலகில் தரப்பட்டிருக்கும். அதில் 1 முதல் 2 வரை இருந்தால் போதும். திறன் என்று பார்த்தால் 5 வாட் மோட்டாரே மிகை.

விசை அதிகமாக இருப்பதில் நன்மை எதுவும் இல்லை, ஆபத்து உண்டு. சட்டைக் கை, முகக்கவசத்தின் நாடா, கன்னின் காற்றுக் குழாய் ஆகியவற்றில் ஒன்று சிக்கிக்கொண்டால் சிறிய மோட்டார் நின்றுவிடும். பெரிய மோட்டார் இழுத்துச் சுருட்டும்.

எந்த மோட்டார்

மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சின்க்ரோனஸ் மோட்டார் எளிதில் கிடைக்கும். நிமிடத்துக்கு 3 முதல் 6 சுற்று ஓடும். சுழலும் பகுதியில் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் இல்லாததால் பொறி பறக்காது. உலர்த்துவதற்கு இது பொருந்தும். ஆனால் இதில் ஒரு குணம் உண்டு: ஒவ்வொரு முறை போடும்போதும் எந்தத் திசையில் சுழலும் என்பது உறுதியில்லை. கோலை ஜாயிண்ட் திருகில் மாட்டிச் சுழற்றுபவர்களுக்கு இது சிக்கல், ஏனென்றால் ஒரு திசையில் சுழன்றால் திருகு மெல்லக் கழன்றுகொண்டே வரும். ஒரே திசையில் மட்டும் சுழலும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இவ்வகை மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸில் 6 சுற்று ஓடுவது 50 ஹெர்ட்ஸில் 5 சுற்றுதான் ஓடும். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வீட்டு மின்விசிறி ரெகுலேட்டரை மாட்டினால் பயன் இருக்காது.

பிரஷ் உள்ள டிசி கியர் மோட்டார்தான் புதியவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது. 12 வோல்ட்டில் ஓடும். கியர் விகிதத்துக்கு ஏற்ப எல்லா வேகங்களிலும் கிடைக்கும். ஒரு சிறிய வேகக் கட்டுப்பாட்டுப் பலகையை இணைத்தால் குமிழைத் திருப்பி வேகத்தை மாற்றலாம். இதில் கவனிக்க வேண்டியது, விவரத் தாளில் உள்ள வேகம் முழு வோல்ட்டேஜில் சுமையில்லாமல் ஓடும் வேகம் என்பதை. 120 சுற்று வேண்டுமானால் 200 சுற்று மோட்டாரை வாங்கிப் பாதிக்குச் சற்று மேல் ஓட்டுவது சரியான தேர்வு. 1000 சுற்று மோட்டாரை வாங்கி 120-க்குக் குறைத்தால், அது திக்கித் திக்கி ஓடும். கோலின் கனமான பக்கம் மேலேறும்போது தயங்கும், இறங்கும்போது பாயும். அதே 200 சுற்று மோட்டாரை உலர்த்துவதற்காக 8 சுற்றுக்குக் குறைத்தாலும் இதே நிலைதான். இதன் பெரிய குறை கார்பன் பிரஷ்ஷிலிருந்து பறக்கும் பொறி. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கார் வைப்பர் மோட்டார் வலுவானது, பழைய பொருளாகவும் கிடைக்கும், இரண்டு வேகங்கள் உண்டு. பலர் பரிந்துரைக்கிறார்கள், நான் பரிந்துரைக்க மாட்டேன். அடிப்பதற்கு வேகம் சற்றுக் குறைவு, உலர்த்துவதற்கு அதிகம். தேவைக்கு மிக மிஞ்சிய விசை, பல ஆம்பியர் மின்னோட்டம், பிரஷ், சத்தம், நீண்ட நேரம் ஓடினால் சூடு என்று இந்த வேலைக்கு வேண்டாத எல்லாம் அதில் இருக்கின்றன. கை டிரில்லும் தையல் மோட்டாரும் ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்காகச் செய்யப்பட்டவை. குறைந்த வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்ட அவை ஏற்றவை அல்ல, பொறியும் கடுமையாகப் பறக்கும்.

ஸ்டெப்பர் மோட்டாருக்குப் பிரஷ் கிடையாது. ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்து நகர்வதால் 8 சுற்றிலும் 120 சுற்றிலும் சொன்ன வேகத்தில் பிசகாமல் ஓடும். நெமா 17 எனப்படும் சிறிய அளவே போதும். ஆனால் டிரைவர் பலகையும் துடிப்பு தரும் சிறு மின்சுற்றும் வேண்டும். சில வேகங்களில் அதிர்வு கிளம்பும். நின்றுகொண்டிருக்கும்போதும் மின்னோட்டம் பாய்வதால் உடல் சூடாகும். மின்னணுவியலில் கை பழகியவர்களுக்கு இது அருமையான தீர்வு. பழகாதவர்கள் கிளியர் கற்றுக்கொள்ளும் நேரத்திலேயே இதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள முயல வேண்டாம்.

தொடர்ந்து பல கோல்களுக்கு அடிக்கப்போகிறவர்களுக்கு என் முதல் தேர்வு, வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வரும் சிறிய இண்டக்‌ஷன் கியர் மோட்டார். பிரஷ் இல்லை, சத்தம் குறைவு, நாள் முழுவதும் ஓடக்கூடியது. இவ்வகையில் பலவற்றின் மோட்டார் வேகம் 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 90 முதல் 1400 வரை மாறும்; அதோடு 1:10 கியர் பெட்டியைச் சேர்த்தால் 9 முதல் 140 சுற்று வரை ஒரே குமிழில் கிடைக்கும். மேலே சொன்ன இரண்டு வேலைகளும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. விலைதான் கூடுதல். அந்த விலை கட்டுப்படியாகாது என்றால், அடிப்பதற்கு ஒரு 200 சுற்று டிசி கியர் மோட்டார், உலர்த்துவதற்கு 5 முதல் 15 சுற்று வரை ஓடும் ஒரு நிலைவேக மோட்டார் என்று இரண்டாக வாங்குங்கள். இரண்டு மோட்டார் இருப்பதில் வேறொரு வசதியும் உண்டு: ஒரு கோல் உலர்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததற்கு அடிக்கலாம்.

பொறியும் ஆவியும்

கிளியரிலிருந்தும் தின்னரிலிருந்தும் வரும் ஆவி தீப்பிடிக்கக்கூடியது, காற்றைவிடக் கனமானது. அது தரையை நோக்கி இறங்கித் தாழ்வான இடங்களில் தேங்கும். மோட்டாரைக் கோலுக்கு நேர் கீழே பெட்டிக்குள் மறைத்து வைப்பது பார்க்க அழகாக இருந்தாலும், ஆவி சேரும் இடத்தில் பொறியை வைப்பதாக முடியும். பிரஷ் உள்ள மோட்டாரைத் தெளிப்பு அறையின் தடுப்புச் சுவருக்கு வெளியே, புதுக் காற்று உள்ள பக்கம் வைத்து, ஒரு நீளமான தண்டை மட்டும் துளை வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். துளையைச் சுற்றி ஃபெல்ட் வளையம் ஒன்றைப் பொருத்தினால் ஆவியும் தூசுப் படலமும் மோட்டார் பக்கம் வராது. இந்த அமைப்பு மோட்டாரின் பேரிங்குக்கும் நல்லது. பறக்கும் கிளியர் பேரிங்கில் படிந்து இறுகினால் அது சீக்கிரமே முனகத் தொடங்கும்.

பிரஷ் இல்லாத மோட்டார் என்றால் எதுவும் செய்ய வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. பிரஷ் இல்லாமையும் வெடிப்புக் காப்புச் சான்றும் வேறு வேறு. தளர்ந்த வயர் இணைப்பும் சுவிட்சும் கால் சுவிட்சும் பொறி தரும். சாதாரண வெளியேற்று விசிறியின் மோட்டாரும் தரலாம். சுவிட்ச், அடாப்டர், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் அறைக்கு வெளியே இருக்கட்டும். மோட்டாரை முதலில் ஓடவிட்டு, பிறகு அடிக்கத் தொடங்குங்கள். அடித்து முடித்ததும் ஆவி வெளியேறும் வரை எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள்.

மோட்டாரோடு நேரடித் தொடர்பில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரு பகுதி பியூ கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. அது நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. மூக்குக்கு எட்டும் மணத்தை வைத்து அதன் அளவைக் கணிக்க முடியாது. அதை அடிக்க வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம்தான் சரியானது. அந்த வசதி இல்லாதவர்கள், மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வேறு வகைக் கிளியரைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

கோலை மோட்டாரோடு இணைத்தல்

ஜாயிண்ட் திருகுக்குப் பொருந்தும் புரியுள்ள ஒரு சிறு பித்தளை அல்லது பிளாஸ்டிக் உருளையை லேத்தில் கடைந்துகொள்ளுங்கள், அதுவே பிடிமானம். கோலின் ஜாயிண்ட் வளையத்தின் முகம் பூச்சு படாமல் இருக்க வேண்டும் என்பதால், பிடிமானத்துக்கும் அதற்கும் இடையே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வாஷரை வைக்க வேண்டும். வாஷரின் விட்டம் வளையத்தைவிடச் சற்றே சிறியதாக இருக்கட்டும். சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் கிளியர் இரண்டையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது விளிம்பில் சில்லு பெயரும்.

சுழலும் திசையை இப்போது சரிபார்க்க வேண்டும். கோலின் அடிமுனைப் பக்கம் நின்று மோட்டாரைப் பாருங்கள். வழக்கமான வலப்புரித் திருகு என்றால், பிடிமானம் உங்கள் கண்ணுக்கு இடஞ்சுழியாகச் சுழல வேண்டும். அப்போது கோலின் தயக்கம் திருகை இறுக்கும் பக்கமாகவே வேலை செய்யும். டிசி மோட்டாரில் இரண்டு வயர்களை மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும். நிறுத்தும்போது திடீரென்று நிறுத்தினால் கோல் தன் வேகத்தில் முன்னே சென்று திருகு தளரக்கூடும். குமிழைக் குறைத்து நிறுத்துவதே நல்ல பழக்கம்.

மோட்டார்த் தண்டையும் பிடிமானத்தின் தண்டையும் இரும்பு கப்ளிங்கால் இறுக்கிக் கட்டினால் இரண்டு அச்சுகளும் மயிரிழை கூடப் பிசகாமல் இருக்க வேண்டும். வீட்டுப் பட்டறையில் அது கைகூடுவது கடினம். அதற்குப் பதிலாக இரண்டு தண்டுகளையும் இறுக்கமாகக் கவ்வும் ஒரு சிறு துண்டு ரப்பர்க் குழாயை மாட்டி, இரு பக்கமும் கிளிப் போட்டுவிடுங்கள். அச்சுப் பிசகை அது வளைந்து வாங்கிக்கொள்ளும், கியரின் அதிர்வைக் கோலுக்குக் கடத்தாது, ஏதேனும் சிக்கினால் வழுக்கிவிடும். பிடிமானத்தின் தண்டை மட்டும் இரண்டு பேரிங்குகளில் தாங்கவிட வேண்டும்; கோலின் எடை கியர் பெட்டியின் மேல் விழக் கூடாது.

மறுமுனையில், அடிமுனையை மூடியிருக்கும் பம்பர் ரப்பரைக் கழற்றினால் தெரியும் துளையில் ஒரு கூம்பு முனையைச் செருகித் தாங்கலாம். அந்தக் கூம்பு பேரிங்கில் சுழல்வதாக இருக்கட்டும். சிலர் இரண்டு சிறு உருளைகளின் மேல் கோலைப் படுக்கவைக்கிறார்கள். உருளை படும் இடத்தில் அடிக்க முடியாது என்பதால், முழு நீளத்துக்கும் அடிக்கப்போகிறவர்களுக்கு அது உதவாது.

குறைந்த வேகத்தில் ஒரு சிறு தொல்லை வரக்கூடும். கியர்ப் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளியால், கோலின் கனமான பக்கம் உச்சியைத் தாண்டியதும் டக்கென்று முன்னே விழுந்து நிற்கும். மோட்டார் அந்த இடைவெளியை எட்டும் வரை கோல் அசையாது. காதை அருகில் வைத்தால் சுற்றுக்கு ஒரு முறை மெல்லிய தட்டல் கேட்கும். பிடிமானத் தண்டின் பேரிங்குக்கு அருகே ஒரு ஃபெல்ட் வாஷரை லேசாக அழுந்தும்படி வைத்தால் அந்த உராய்வே விழுவதைத் தடுத்துவிடும்.

கிளியர் ஊற்றும் முன் சோதனை

கோலின் விட்டத்துக்கு நெருக்கமான ஒரு பிவிசி குழாயை அதே பிடிமானத்தில் மாட்டுங்கள். அதன் மேல் வெள்ளைத் தாளை ஒரு சுற்றுச் சுற்றி இரு முனைகளிலும் டேப் ஒட்டுங்கள். குழாயின் ஓரத்தில் ஒரு கறுப்புக் குறி வைத்து, 15 வினாடியில் அது எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினால் உண்மையான வேகம் தெரியும். குமிழில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

அடுத்து, தண்ணீரில் சிறிது நீல மை கலந்து கன்னில் ஊற்றி, 15 முதல் 20 செ.மீ. தொலைவிலிருந்து, வழக்கமான கை வேகத்தில் ஒரே ஒரு முறை முனை முதல் முனை வரை அடியுங்கள். தாளைக் கழற்றி மேசையில் விரியுங்கள். நிறம் முழுவதும் ஒரே அடர்த்தியாக இருந்தால் வேகமும் விசிறியும் பொருந்திவிட்டன. சாய்வான பட்டைகள் தெரிந்தால் சுழற்சி போதவில்லை, அல்லது கை விரைகிறது. பட்டைகளின் இடைவெளியை அளந்து பாருங்கள்: ஒரு சுற்றுக்குள் கை எவ்வளவு நகர்ந்தது என்பதை அது அப்படியே சொல்லிவிடும். இடைவெளி 15 செ.மீ., விசிறி 10 செ.மீ. என்றால், வேகத்தை ஒன்றரை மடங்காக்க வேண்டும் அல்லது கையை அந்த அளவுக்குத் தணிக்க வேண்டும். தாளின் இரு முனைகளில் மட்டும் நிறம் அடர்ந்திருந்தால் மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. கை திரும்பும் இடத்தில் கன்னின் டிரிக்கரை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

உலர்த்தும் மோட்டாருக்கு வேறு சோதனை. கோலை மாட்டி, உங்கள் கிளியர் உலர எடுக்கும் நேரத்தைப் போல் இரு மடங்கு நேரம் வெறுமனே ஓடவிடுங்கள். முடிவில் மோட்டாரின் உடலில் கை வைத்து, எடுக்காமல் பத்து வினாடி தாங்க முடிகிறதா என்று பாருங்கள். தாங்க முடியாத சூடு என்றால் அது தொடர் ஓட்டத்துக்கு ஏற்றதல்ல. திருகு தளர்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மின் இணைப்பு

12 வோல்ட் மோட்டாருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போதும். மோட்டார் சிக்கி நின்றால் மின்னோட்டம் பல மடங்கு ஏறும் என்பதால் 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றை இடையில் வையுங்கள். மோட்டார், இரும்புச் சட்டம் இரண்டையும் தரை இணைப்போடு சேர்ப்பது நிலைமின்சாரம் சேராமல் காக்கும்.

மின்தடை வரும் இடங்களில் உலர்த்தும் மோட்டார் 12 வோல்ட் வகையாக இருப்பது பெரிய ஆறுதல். ஒரு பேட்டரியை ஆயத்தமாக வைத்திருந்தால் வயரை அடாப்டரிலிருந்து கழற்றி அதில் இணைத்துவிடலாம். பேட்டரி இல்லாத நேரத்தில் மின்சாரம் போய்விட்டால், ரப்பர்க் குழாயைத் தண்டிலிருந்து உருவிவிட்டு, பிடிமானத்தைக் கையால் அரை நிமிடத்துக்கு ஒரு முறை அரைச் சுற்றுத் திருப்பிக்கொண்டே இருங்கள். கிளியர் நகர்வது நின்றுவிட்டதா என்று பார்க்கக் கோலைத் தொட வேண்டாம். பிடிமானத்தின் மேல் விழுந்திருக்கும் கிளியரை விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, நூல் இழுக்காமல் இருந்தால் திருப்புவதை நிறுத்திவிடலாம்.